மதுரைக் குதிரைக்கு என்ன போர்த்துவது? நான் வாங்கிய நான்கு போர்வைகள்

நான்கு வருஷத்தில் என் குதிரைக்கு நான்கு போர்வை வாங்கியிருக்கிறேன். எல்லாம் சேர்த்து 13,180 ரூபாய். இன்றைக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கொட்டகைக் கொக்கியிலிருந்து நான் கையில் எடுப்பது அதில் ஒன்றைத்தான். மதுரைப் பக்கம் குதிரை வைத்திருக்கும் யாராவது போர்வை வாங்க நினைத்தால், என் பணமும் என் குதிரை பவுனின் தோலும் பட்ட பாடு அவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பவுனு எட்டு வயதுப் பெட்டைக்குதிரை. செவலை நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு வெள்ளை, உயரம் 56 அங்குலம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கியது. வாடிப்பட்டியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகையும் பத்துத் தென்னையும் உண்டு; பவுனு இருப்பது அங்கே. காலையிலோ சாயங்காலமோ கால்வாய்க்கரை மண்பாதையில் ஒரு மணி நேரம் சவாரி போவோம். கல்யாண ஊர்வலத்துக்கெல்லாம் விடுவதில்லை. என் அப்பா மதுரை ஜங்ஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். வீட்டில் குதிரை இல்லாமல் போன இருபது வருஷத்தை அம்மா இன்னும் "அந்த வெறுங்கொட்டகைக் காலம்" என்றுதான் சொல்வாள்.

வளர்ந்த, உடம்பு நன்றாக இருக்கும் குதிரைக்குச் சுமார் 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை சுகமான வெப்பநிலை. அதற்குள் உடம்பைச் சூடாக்கவோ குளிரவைக்கவோ அது தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை. மதுரையில் மார்கழி, தை விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாம் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகும் அந்த நேரம், குதிரைக்கு வருஷத்திலேயே நல்ல நேரம். முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. எனக்குக் குளிர்ந்தது, அதற்கும் குளிரும் என்று நினைத்தேன்.

அப்படி வாங்கியதுதான் முதல் போர்வை. 6,800 ரூபாய், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம். வெளிநாட்டில் வேலிக்குள் இரவு பகலாக நிற்கும் குதிரைகளுக்குப் போடுகிற வகை: மேலே தண்ணீர் புகாத துணி, உள்ளே பஞ்சு, அதற்கும் உள்ளே வழுவழுப்பான லைனிங். 1200 டெனியர், 200 கிராம் என்று போட்டிருந்தது. இரண்டு எண்ணும் பெரிதாக இருக்கிறதே, தரமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். பிறகுதான் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டெனியர் என்பது நூலின் கனம். ஒரு நூலை 9,000 மீட்டர் நீளத்துக்கு எடுத்தால் எத்தனை கிராம் நிற்குமோ, அத்தனை டெனியர். 1200 டெனியர் துணி முள்வேலியில் உரசினாலும் சட்டென்று கிழியாது. கிராம் என்பது உள்ளே வைத்துத் தைத்த பஞ்சின் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று. 200 கிராம் என்பது பனி விழுகிற ஊரில் நடுத்தரக் குளிருக்குப் போடுவது. ஆக, டெனியர் துணியின் உழைப்பைச் சொல்கிறது, கிராம் கதகதப்பைச் சொல்கிறது. நம் ஊருக்கு முதல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை. இரண்டாவது எண் சுழியாக இருக்க வேண்டும். சுழி கிராம் போர்வை என்றே ஒரு வகை விற்கிறார்கள்; பஞ்சே இருக்காது. இதைச் சொல்லி விற்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

மார்கழி முதல் வாரம், இரவு ஒன்பது மணிக்குப் போர்த்திவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் ஒரு கம்ப்ரசர் மோட்டார் அவசர வேலையாக வந்துவிட்டது. கொட்டகைக்குப் போகும்போது எட்டரை மணி. கிழக்கு வெயில் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. போர்வையைத் தூக்கியதும் வெள்ளாவிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை மயிர் நனைந்து தோலோடு ஒட்டிக் கிடந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூச்சு வாங்கியது. தண்ணீர் வைத்தால் அரை வாளியை ஒரே மூச்சில் குடித்தது. அன்றைக்கே அந்தப் போர்வையை மடித்து வைத்திருக்க வேண்டும். ஈரம் பட்டுவிட்டது, இனி போர்த்தாமல் விட்டால் சளி பிடிக்கும் என்று இன்னும் பத்து நாள் தினமும் இரவில் போட்டேன்.

அளவும் சரியில்லை. நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டாகப் போய்ப் புட்டம் முடிகிற இடம் வரை நாடா பிடித்தால் பவுனுக்கு 68 அங்குலம். அந்த அளவு கையிருப்பில் இல்லை, 72 அனுப்புகிறோம், பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்றார் விற்றவர். பெரிதாக இருந்தால் நல்லதில்லை. போர்வை இரவெல்லாம் பின்னால் சரிந்துகொண்டே போகும். அப்படிச் சரியும்போது அதன் மொத்தப் பாரமும் பிடரி முடிகிற தோள்மேட்டிலும், முன்னால் இரண்டு தோள்முனையிலும் விழும். ஒரே வாரத்தில் தோள் இரண்டிலும் உள்ளங்கை அளவுக்கு மயிர் தேய்ந்து தோல் பளபளவென்று தெரிந்தது.

அப்புறம் அந்த வருஷம் மார்கழியிலும் இரண்டு நாள் விடாமல் மழை. வியர்வை ஈரம், மழை ஈரம், காற்றே போகாத போர்வை, மூன்றும் சேர்ந்து முதுகில் பொருக்குப் பொருக்காகக் கட்டியது. கிள்ளி எடுத்தால் மயிர்க் கொத்தோடு வந்தது, வர்ணம் அடிக்கும் பிரஷ் நுனி மாதிரி. கால்நடை மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: டெர்மட்டோஃபிலஸ் என்ற கிருமி, ஈரத்தில் ஊறிய தோலில் இப்படித்தான் பிடிக்கும் என்று. மருந்துத் தண்ணீரில் கழுவி, பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்து, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். "முதல்ல அந்தப் போர்வையைக் கழட்டுங்க. தோல் காத்தோட்டமா இருந்தாத்தான் மருந்து வேலை செய்யும்" என்றார். ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் சேணம் போடவில்லை. கழுவும்போதெல்லாம் பவுனு கழுத்தைத் திருப்பி என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும். இந்த வலிக்குக் காரணமே நான்தான் என்பது அதற்குத் தெரியாது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், போர்வையின் துணியும் தையலும் முதல் தரம். வார், பக்கிள் எதுவும் பழுதாகவில்லை. அது இந்த ஊருக்கான பொருளில்லை, அவ்வளவுதான். கொடைக்கானலில் சவாரிக்குதிரை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். அங்கே தை மாத இரவு பத்து டிகிரிக்குக் கீழே போகும், அவரிடம் இருப்பது பல் தேய்ந்து இளைத்த கிழட்டுக் குதிரை, அளவும் 72. அந்த மாதிரிக் குதிரைக்கு அது வரம். வாங்குபவர்களுக்கு ஒன்று மட்டும்: இந்த வகையைச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்தால் தண்ணீர் புகாத பூச்சு போய்விடும். தூசியைத் தட்டி, பச்சைத் தண்ணீரை அடித்துக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும்.

அந்த மார்கழிக்குப் பிறகு நான் பழகிக்கொண்டது ஒரு சோதனை. என்ன போர்த்தினாலும் அரை மணி கழித்துத் தோளுக்குப் பின்னால் போர்வைக்குள் கையை விட்டுப் பாருங்கள். காய்ந்து, இதமாக இருந்தால் சரி. கை பிசுபிசுத்தால் உடனே கழற்ற வேண்டும். காதைத் தொட்டுப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் காது சில்லென்று இருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்டக்கூடாது.

இன்னொன்றும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குதிரைக்குக் குளிர்கால மயிர் வளர்வதும் உதிர்வதும் முக்கியமாகப் பகல் நீளத்தைப் பார்த்து. வடக்கே பகல் சுருங்கச் சுருங்க மயிர் அடர்த்தியாக வளரும். மதுரையில் வருஷத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அதனால் பவுனுக்கு எப்போதும் ஏறக்குறைய ஒரே மாதிரி குட்டை மயிர்தான். இந்தக் குட்டை மயிர் நனைந்து காற்றும் அடித்தால் மட்டும் குதிரை நடுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் பயப்படுவது அதற்குத்தான். அந்த இரவுகளில் போர்வையைவிடக் கூடுதலாக ஒரு கட்டுச் சோளத்தட்டையும் புல்லும் நன்றாக வேலை செய்யும். நார்த்தீவனம் பெருங்குடலில் கிடந்து நொதிக்கும்போது உடம்புக்குள்ளேயே சூடு உண்டாகிறது. கொள்ளு போட்டால் பலம் வரும், ஆனால் இந்தச் சூட்டுக்குப் புல்தான்.

இரண்டாவது, ஈ வலைப் போர்வை. 3,400 ரூபாய். கான்பூரில் தைத்தது. சேணம், கடிவாளம், குதிரைச் சாமான்களுக்கெல்லாம் நாட்டிலேயே பேர்போன ஊர் அது, கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெளிறிய சந்தன நிறத்தில் மெல்லிய வலைத்துணி, கழுத்துக்குத் தனி மூடி, வயிற்றுக்கு அடியில் ஒரு அகலப் பட்டி. எடை என்றே சொல்ல முடியாது. வெளிர் நிறமாக இருப்பதால் வெயிலும் ஏறுவதில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் நெல்வயலும் கால்வாயும் அதிகம். மழை விட்ட பிறகு மாட்டு ஈ கூட்டமாக வரும். கடித்தால் ரத்தம் சொட்டும் அந்தப் பெரிய ஈ. குதிரைக்கு அது வெறும் தொந்தரவு மட்டுமில்லை. சர்ரா என்ற ரத்தநோய் ஒரு கால்நடையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஈக்கு இந்த வலை நல்ல காவல். புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை பகலில் வெளியே கட்டும்போதெல்லாம் போடுகிறேன். முன்பெல்லாம் முதுகைச் சிலிர்த்துக்கொண்டும் காலை உதைத்துக்கொண்டும் நிற்கும் பவுனு, இப்போது ஒரே இடத்தில் நின்று அமைதியாகப் புல் மேய்கிறது. அதைப் பார்ப்பதற்கே 3,400 கொடுக்கலாம்.

ஆனால் சாயங்காலம் இருட்டும் நேரம் வருமே, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிக் கொசு, அதற்கு இந்த வலை பயனில்லை. அந்தப் பூச்சி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், வலையின் கண் அதைவிடப் பெரிது. வாங்கும்போது துணியை முகத்துக்கு நேரே பிடித்துக் கண் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். பொடிக் கொசு பலமாகப் பறக்காது என்பதால் கொட்டகையில் குதிரைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறேன், மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை ஓடும். காயில் நானே கட்டியது. வயர் முழுக்கக் குழாய்க்குள் போகிறது. குதிரை இருக்கும் இடத்தில் தொங்கும் வயர் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

வலைப் போர்வையின் இன்னொரு குறை, வெல்க்ரோ. ஒட்டுப்புல்லும் நெருஞ்சியும் அதில் ஏறி ஒரு மாதத்தில் பிடிமானம் போயிற்று. பிறகு அதை எடுத்துவிட்டு நாடா தைத்துக்கொண்டேன். தினமும் கழற்றி உள்பக்கம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் வேண்டும். மற்றபடி வாங்கலாம், நல்ல பொருள்.

சித்திரை, வைகாசிக்கு எதுவுமே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் குதிரை உடம்பைக் குளிர்விப்பது வியர்வையை உலரவிட்டுத்தான். அதன் மேல் எந்தத் துணி போட்டாலும் அது தடைதான், வலையும் சேர்த்து. ஈரத்துண்டை முதுகில் போட்டுவிட்டால் குளிர்ச்சி என்று சிலர் செய்கிறார்கள். சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூடாகிக் கம்பளி மாதிரி சூட்டை உள்ளே பிடித்துக்கொள்ளும். நான் ஹோஸ் குழாயைப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பேன், நிழல், கல்லுப்பு கலந்த ஒரு வாளி, பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஒரு வாளி. அவ்வளவுதான்.

மூன்றாவது கம்பளி. செம்மறி மயிரில் நெய்த கருப்புக் கம்பளி, சந்தையில் 1,100 ரூபாய். இது மதுரைக்கு வாங்கியதில்லை. சிறுமலையில் என் மச்சான் இருக்கிறார். வாழைத்தாரும் பலாவும் எலுமிச்சையும் தோட்டத்திலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர இரண்டு பொதிக்குதிரை வைத்திருக்கிறார். வண்டி போகாத தோட்டங்களுக்கு இன்றைக்கும் அங்கே குதிரைதான். வெயில் காலத்தில் ஒரு மாதமும், சில வருஷம் தை மாதத்தில் பத்து நாளும் பவுனு அங்கே போய் இருக்கும். மலை மேல் மாலையிலேயே மேகம் இறங்கிவிடும்.

கம்பளியின் பெருமை, நனைந்தாலும் முழுசாகக் கதகதப்பை விட்டுவிடாது. அதன் சிறுமை, நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காய இரண்டு நாள் ஆகும், வாடை போகாது. கட்டுவதற்கு வாரும் இல்லை, முதுகில் மடித்துப் போட்டு மேலே ஒரு பட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். புரளுகிற குதிரைக்கு அது ஆபத்து, காலில் சுற்றிக்கொள்ளும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடலாம். மச்சான் தன் குதிரைகளுக்கு எதுவுமே போர்த்துவதில்லை. "மாப்ள, இதுக மலையில பொறந்ததுக. காஞ்ச தரையும் வயிறு நெறைய புல்லும் இருந்தாப் போதும்" என்பார். பவுனு சமவெளிக் குதிரை என்பதால் முதல் இரண்டு மூன்று இரவு மட்டும் நான் கம்பளியைப் பயன்படுத்துகிறேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நான்காவது. துணி 720, வார், பக்கிள் 260, கூலி 900. மொத்தம் 1,880 ரூபாய்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தூண் சிற்பங்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் மதுரைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போடுகிறவர்களின் சல்லடம், உருமால், சாமிக்குக் குடை, தேருக்குத் தொம்பை எல்லாம் தைக்கிற கைகள் அவை. அப்பாவின் ஜட்கா வண்டி மெத்தைக்கும் அங்கேதான் உறை தைத்து வாங்குவார். அந்த ஞாபகத்தில் போனேன். மிஷினுக்கு முன்னால் இருந்த பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"தம்பி, கருப்பசாமிக்கு உடுப்பு தைச்சிருக்கேன். மரக்குதிரை வாகனத்துக்குத் துணி தைச்சிருக்கேன். உசுரான குதிரைக்குத் தைச்சதில்லையே" என்றார்.

"அளவெல்லாம் கொண்டுவந்திருக்கேன் பாய்."

"அளவு இருக்கட்டும். நிக்கிறப்ப போடுறதா, நடக்கிறப்ப போடுறதா? படுக்குமா, புரளுமா?"

6,800 ரூபாய்க்கு வாங்கியபோது என்னிடம் யாரும் கேட்காத கேள்வி இது. நின்றாலும் நடந்தாலும் போடுவது, ராத்திரி சில நேரம் படுக்கும், மண்ணைக் கண்டால் புரளும் என்றேன். அப்படியென்றால் தோளில் மடிப்பு விட்டுத்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் எடுத்து வைக்கும்போது இழுக்கும் என்றார். செய்தித்தாளை ஒட்டிக் குதிரை மேலேயே போட்டு, ஓரத்தைப் பேனாவால் வரைந்து கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அந்தக் காகிதத்தோடு போனேன். தோள்மேட்டின் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே துணி அழுத்தாமல் பள்ளமாக வெட்டினார். பின்பக்கம் இடுப்பு வளைவுக்கு இரண்டு பக்கமும் மடிப்புப் பிடித்தார்.

துணி விஷயத்தில் நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஓட்டம் முடிந்து குதிரை வியர்த்து வந்தால், அப்பா முதுகில் முதலில் ஒரு கை வைக்கோலைப் பரப்பி அதன் மேல் சணல் சாக்கைப் போடுவார். வைக்கோல் சாக்கைத் தோலில் ஒட்டவிடாது. இடையில் காற்று ஓடி, குளிர்காற்றும் நேராகப் படாமல், வியர்வை சீராக உலரும். பாய் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு உள்ளே போய் ஒரு துண்டுத் துணியை எடுத்து வந்தார். கட்டம் கட்டமாகக் குழி விழுந்த நெசவு, கையில் தொட்டால் மேடு மட்டும்தான் படும். "வைக்கல் செய்யிற வேலையை இது செய்யும் தம்பி" என்றார். உள்ளே அந்தத் துணி, மேலே கனமான காடாத்துணி. தோளும் நெஞ்சும் உரசும் இடத்தில் மட்டும் உள்பக்கம் வழுக்கலாகச் சாட்டின் வைத்தார். அழகர் வேஷத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய பச்சைச் சாட்டின். அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும்போது பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த வருஷம் செழிப்பு என்பது நம்பிக்கை. "உங்க குதிரைக்கும் பச்சையே இருக்கட்டும்" என்று ஓரத்தில் ஒரு பட்டையும் அதே துணியில் வைத்துத் தைத்தார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.

முன்னால் இரண்டு பக்கிள். வயிற்றுக்கு அடியில் குறுக்காகப் பின்னிப் போகும் இரண்டு வார், வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை போகும் அளவு தளர்வு. அதற்கு மேல் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். பின்காலுக்கு இரண்டு வார், ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போட வேண்டும். அப்போதுதான் போர்வை பக்கவாட்டில் திரும்பாது.

இதை எப்போதெல்லாம் போடுகிறேன் என்றால்: ஆடிக் காற்றில் சவாரி முடிந்து வியர்வையோடு வந்ததும் அரை மணி, முக்கால் மணி. ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் திடீரென்று இடிமழை பிடித்துக்கொண்டு இருவரும் நனைந்து திரும்பினால், தண்ணீரை வழித்துவிட்டு வைக்கோலால் தேய்த்துவிட்டுப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முதுகு காய்ந்துவிடும். துணி ஈரத்தை இழுத்துக்கொண்டு கனத்துப்போனதும் கழற்றிவிட வேண்டும், அப்படியே விடக்கூடாது. பிக்கப் வண்டியில் சிறுமலை ஏறும்போது எதிர்க்காற்றுக்கு இதுதான். மார்கழியில் குளிப்பாட்டினால் மட்டும் சிறிது நேரம். இரண்டரை வருஷத்தில் தோளில் ஒரு மயிர்கூடத் தேயவில்லை. கையை உள்ளே விட்டால் ஒவ்வொரு முறையும் காய்ந்த தோல்தான் படுகிறது. பவுனுக்கும் அது பிடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். முதல் போர்வையைக் கையில் எடுத்தாலே சுவரோரம் ஒதுங்கி நின்றது, இதை எடுத்தால் தலையைத் தாழ்த்தி நிற்கிறது.

இதிலும் குறை உண்டு. மழை தாங்காது. ஐப்பசி மழையில் வெளியே கட்டிப்போட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது ஆகாது, அவர்கள் பஞ்சு வைக்காத, தண்ணீர் புகாத வகையைத்தான் தேட வேண்டும். கொட்டகை இருந்தால் அந்தக் கேள்வியே வராது. முதல் துவையலில் இரண்டு அங்குலம் சுருங்கிவிட்டது. துணியை நனைத்து உலர்த்திக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பாய், நான் அவசரத்தில் அப்படியே கொடுத்துவிட்டேன். நல்லவேளையாக மடிப்புக்குள் துணி விட்டுத் தைத்திருந்ததால் பிரித்துச் சரிசெய்துகொடுத்தார். இரும்புப் பக்கிள் ஆறு மாதத்தில் துருப்பிடித்தது, பித்தளைக்கு மாற்றிக்கொண்டேன். முதலிலேயே பித்தளை வாங்குங்கள். சாணமும் வியர்வையும் படுவதால் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும், அதனால் மாற்றுக்கு இன்னொன்று இருந்தால் நல்லது.

தைக்கக் கொடுக்க நினைக்கிறவர்கள் காலத்தைப் பார்த்துப் போங்கள். மாசி கடைசியிலிருந்து அங்கே எந்தத் தையல்காரருக்கும் திருவிழா உடுப்பைத் தவிர வேறு வேலைக்கு நேரம் இருக்காது. ஆடிக் காற்றுக்கு வேண்டும் என்றால் வைகாசியிலேயே கொடுத்துவிட வேண்டும். குதிரையின் காகித அளவைக் கொண்டுபோங்கள், பக்கவாட்டில் நிற்கும் புகைப்படம் ஒன்றும் செல்போனில் இருக்கட்டும். அது புரளுமா, படுக்குமா என்று கேட்டால் பதில் தெரிந்து வைத்திருங்கள்.

பவுனுக்கு இரண்டாவது ஒன்று சொல்லியிருக்கிறேன். மலையில் பிறந்த குதிரைக்கு எதுவும் வேண்டாம் என்ற மச்சானும் போன ஆடியில் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பொதி இறக்கியதும் வியர்வைக்குப் போட இரண்டு வேண்டும் என்கிறார். மூன்றுக்கும் துணி வாங்கி, இந்த முறை இரண்டு தடவை நனைத்துத் தென்னைக்கு நடுவே கட்டிய கொடியில் உலர்த்தி மடித்து வைத்திருக்கிறேன். அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பாய்.